டிஎஸ்எல் விளக்கு எரிகிறதா? லினக்ஸைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை

"நீ அந்த லினக்ஸைப் போட்டுக் கொடுத்துட்டுப் போனதிலிருந்து லைனே வரல தம்பி. பழையபடி விண்டோஸையே போட்டுடு."

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அத்தை போனில் இப்படிச் சொன்னதும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போய்ப் பார்த்தால் மோடத்தில் டிஎஸ்எல் விளக்கே, அதாவது டெலிபோன் வயர் வழியாக இணையம் வந்து சேர்ந்ததைக் காட்டும் விளக்கே, எரியவில்லை. கணினியை அணைத்து வைத்திருந்தாலும் எரிய வேண்டிய விளக்கு அது. கணினியில் என்ன ஓடுகிறது என்பது அதற்குத் தெரியவும் தெரியாது. பென்டிரைவ் பையிலேயே கிடந்தது. ஸ்குருடிரைவரைத்தான் வெளியே எடுத்தேன்.

லினக்ஸில் இணையம் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்கள் பலரும் செய்திருந்தது ஒன்றுதான்: கடவுச்சொல்லைப் பத்து முறை மாற்றி மாற்றித் தட்டியிருப்பார்கள். டெலிபோன் வயர், அதன்மேல் மோடத்தின் இணைப்பு, அதன்மேல் லேன் கேபிள், பிறகு உள்நுழைவு, பிறகு தகவல் போகும் வழி, கடைசியில் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் பெயர் தேடல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் விஷயம் இது. அடியில் உள்ளது சரியில்லை என்றால் மேலே எதைத் திருத்தியும் வேலைக்காகாது. அதனால் உங்களுக்குத் தெரியும் அறிகுறியைக் கீழே தேடி, அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

டிஎஸ்எல் விளக்கு எரியவில்லை, அல்லது மினுக்கிக்கொண்டே இருக்கிறது

மோடம் எதிர்முனையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, அங்கிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம். மோடத்தைப் போட்டதும் இரண்டு மூன்று நிமிஷம் மினுக்குவது சகஜம். அதற்கு மேலும் மினுக்கினால் வீட்டு டெலிபோனை எடுத்துக் காதில் வையுங்கள். கரகர சத்தம் கேட்டாலோ, டோனே இல்லாவிட்டாலோ கோளாறு வயரில். டோன் தெளிவாகக் கேட்டால் மட்டும் அடுத்ததற்குப் போகலாம்.

நாம் பேசும் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறது. டிஎஸ்எல்லில் ஒரு வகையான ஏடிஎஸ்எல் அதே வயரில் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. ஏடிஎஸ்எல்2+ என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. இரண்டையும் பிரித்து வைப்பதுதான் டெலிபோனுக்கு முன்னால் மாட்டும் சின்ன ஃபில்டரின் வேலை. வீட்டில் எத்தனை டெலிபோன் இருக்கிறதோ அத்தனைக்கும் ஃபில்டர் வேண்டும். ஃபேக்ஸ், திருட்டு அலாரம் பெட்டி இவையும் அதே லைனில் தொங்கினால் அவற்றுக்கும் வேண்டும். மோடத்துக்கு மட்டும் ஃபில்டர் கூடாது. சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் சாக்கெட்டில் மோடத்தை மட்டும் நேராக மாட்டிப் பாருங்கள். விளக்கு நின்று எரிந்தால், கழற்றியதில் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி.

அத்தை வீட்டில் நடந்தது இது. ஹாலில் இருந்த மோடத்தை அறைக்கு மாற்ற, பத்து மீட்டர் தட்டை டெலிபோன் வயர் வாங்கி, சாமி மேடைக்குப் பின்னால் கொண்டுபோய், பாயின் அடியில் இழுத்துவிட்டிருந்தார்கள். முறுக்கில்லாத அந்தத் தட்டை வயர் இரைச்சலைப் பிடிக்கும் ஆன்டெனா மாதிரி. மோடத்தை நகர்த்த வேண்டுமென்றால் டெலிபோன் வயரை நீட்டாதீர்கள், லேன் கேபிளை நீட்டுங்கள். அது 100 மீட்டர் வரை தாங்கும். அதைக் கழற்றியும் விளக்கு வரவில்லை. சுவர் சாக்கெட்டின் மூடியைத் திறந்தேன். உள்ளே எறும்புக் கூடு. மண்ணையும் முட்டையையும் ஊதித் தள்ளிய பிறகு பார்த்தால் செம்புக் கம்பியின் நுனி பச்சைக் களிம்பேறி, தொட்டதும் ஒடிந்துவிட்டது. நல்ல செம்பு தெரியும் வரை ஓர் அங்குலம் வெட்டி, உறையைச் சீவி, இரண்டு கம்பியையும் திருகில் மறுபடி முடுக்கினேன். அரை நிமிஷம் மினுக்கிவிட்டு விளக்கு நின்றது. "அப்ப லினக்ஸ் இல்லையா?" என்றார் அத்தை. "எறும்பு அத்தை" என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

டெலிபோன் லைனில் சாதாரணமாகவே 48 வோல்ட் மின்சாரம் உண்டு, மணி அடிக்கும்போது இன்னும் ஏறும். ஈரக் கையோடு தொடாதீர்கள், இடி இடிக்கும்போது திறக்கவே திறக்காதீர்கள். கோலாலம்பூரில் மத்தியானம் மூன்று நான்கு மணிக்கு வானம் கறுத்தால் நான் மின் பிளக்கோடு டெலிபோன் பிளக்கையும் உருவிவிடுவேன். பலர் மின்சாரத்தை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இடி டெலிபோன் வயர் வழியாகவும் வரும்.

விளக்கு வருகிறது, போகிறது என்றால் பிரௌசரில் மோடத்தின் பக்கத்தைத் திறங்கள்; பெரும்பாலான மோடங்களில் அது 192.168.1.1. இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்று சொல்லும் நாய்ஸ் மார்ஜின் என்ற எண்ணைப் பாருங்கள். 6 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் லைன் அறுந்து அறுந்து வரும், 10க்கு மேல் இருந்தால் கவலையில்லை. லைன் அட்டெனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் தேய்வது, 60 டெசிபெலைத் தாண்டினால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு ரொம்பத் தூரம். கணினியில் எதைச் செய்தாலும் அது குறையாது. கொண்டோவில் விடிஎஸ்எல் என்ற வேகமான வகை என்றால் கட்டடம் வரை ஃபைபர், அங்கிருந்து உங்கள் வீடு வரைதான் செம்பு. அந்தக் கடைசிச் செம்புத் துண்டுக்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

டிஎஸ்எல் நின்று எரிகிறது, லேன் விளக்கு எரியவில்லை

கேபிளை மாற்றுங்கள், மோடத்தின் வேறு ஓட்டையில் செருகுங்கள். அப்புறம் 'ஐபி லிங்க்' என்று தட்டுங்கள். உங்கள் லேன் கார்டின் வரியில் 'நோ கேரியர்' என்று இருந்தால் கேபிள்தான். கார்டின் பெயரே காணோம் என்றால் டிரைவர் ஏறவில்லை. மோடத்தில் யூஎஸ்பி ஓட்டை இருந்தால் அதை மறந்துவிடுங்கள். பழைய யூஎஸ்பி மோடங்கள் சிலவற்றை லினக்ஸில் ஓட்ட ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. லேன் கேபிளுக்கு அந்தத் தலைவலி எதுவும் இல்லை.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. பழைய வழிகாட்டிகளில் கார்டின் பெயர் 'ஈத்0' என்று இருக்கும். சில ஆண்டுகளாகப் பெரும்பாலான லினக்ஸ்களில் அது 'இஎன்பி3எஸ்0' போன்ற பெயராகிவிட்டது. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்தவர்கள் இல்லாத கார்டில் டயல் செய்துகொண்டு, அதாவது உள்நுழைய முயன்றுகொண்டு, இருப்பார்கள்.

கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது

கணினி முகவரி கேட்டது, யாரும் கொடுக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது. இங்கே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: டயல் செய்வது மோடமா, கணினியா?

மோடம் ரவுட்டராக இருந்தால் அதுவே உள்நுழைந்துகொள்ளும், கணினிக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரியைத் தரும். லினக்ஸில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, கேபிளைச் செருகினால் போதும். மோடத்தைப் பிரிட்ஜாக மாற்றியிருந்தால் அது வெறும் குழாய். முகவரி தராது, கணினிதான் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் பிபிபிஓஇ முறையில் டயல் செய்ய வேண்டும். பிரிட்ஜில் 169.254 வருவது கோளாறே இல்லை. ரவுட்டராக இருந்தும் அதே எண் வந்தால் மோடத்தில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி அணைந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், காரணமில்லாமல் பிரிட்ஜ் பக்கம் போகாதீர்கள். வீட்டில் நாலு கைப்பேசி, ஒரு டிவி இருக்கும் காலத்தில் கணினியை அணைத்தால் எல்லாருக்கும் இணையம் போவது குடும்ப அமைதிக்கு நல்லதல்ல. லினக்ஸ் பெட்டியையே வீட்டின் வாசலாக வைத்துக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

'பாடோ' வரவில்லை என்று டைம்அவுட்

டெபியன், உபுண்டு குடும்பத்தில் 'பிபிபிஓஇகான்ஃப்' என்ற கருவி கேள்வி கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் அமைத்துத் தரும். பிறகு 'பான் டிஎஸ்எல்-புரொவைடர்' என்று தட்டினால் டயல் ஆகும், 'பிலாக்' என்று தட்டினால் நடந்ததைச் சொல்லும். பாடோ பாக்கெட்டுக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தது என்று அதில் வந்தால் கையைக் கடவுச்சொல்லின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிபிபிஓஇயில் கணினி முதலில் வீசும் பாக்கெட் (தகவல் துண்டு) 'பாடி': யாராவது இருக்கிறீர்களா? அதற்குப் பதில்தான் 'பாடோ': இருக்கிறேன். பெயரும் கடவுச்சொல்லும் இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேட்கப்படும். உங்கள் குரலே மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை.

டெலிகாம் மலேசியாவின் பழைய சேவையான ஸ்ட்ரீமிக்ஸ் காலத்து ஏடிஎஸ்எல் லைனாக இருந்தால், மோடத்தில் லைனின் பாதையைக் குறிக்கும் அமைப்புகள் விபிஐ 0, விசிஐ 35, எல்எல்சி என்று இருக்கின்றனவா பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த மோடங்கள் 8/35, 0/38 என்று வேறு நாட்டு எண்களோடு வரும். டிஎஸ்எல் விளக்கு அழகாக எரியும், பாடோ மட்டும் வராது. 2010இல் அதே நிறுவனம் கொண்டுவந்த யூனிஃபை லைனில் வேறு கதை: இணையம் 500ஆம் எண் விலேனில், அதாவது ஒரே வயருக்குள் எண்ணிட்டுப் பிரித்த தடத்தில், வருகிறது, டிவி 600இல். நிறுவனம் தந்த ரவுட்டரைக் கழற்றிவிட்டுக் கணினியை நேராக மாட்டினால், கார்டின்மேல் 500 என்ற விலேனை உருவாக்கி அதில் டயல் செய்ய வேண்டும். வெறும் கார்டில் எவ்வளவு கத்தினாலும் பதில் வராது.

இரண்டும் சரி என்றால் மோடம் உண்மையில் பிரிட்ஜில் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். சேமித்தபின் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட மறந்திருப்பீர்கள்.

பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்கிறது

நல்ல செய்தி இது. மறுமுனை பேசுகிறது, வயர், மோடம், விலேன் எல்லாம் தேறிவிட்டன. பயனர் பெயரின் கடைசியில் அட் குறியோடு ஸ்ட்ரீமிக்ஸ் அல்லது யூனிஃபை என்ற வால் இருக்க வேண்டும். கடவுச்சொல்லில் கட்டக்குறி (#) இருந்தால் கவனம்: கடவுச்சொல்லைச் சேமிக்கும் பேப்-சீக்ரெட்ஸ், சேப்-சீக்ரெட்ஸ் கோப்புகளில் அந்தக் குறிக்குப் பின்னால் உள்ளது வெறும் குறிப்பாகக் கருதப்படும், பாதிக் கடவுச்சொல்தான் போய்ச் சேரும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டுவிட்டால் தீர்ந்தது. நான் இதில் ஒரு ராத்திரியையே தொலைத்திருக்கிறேன்.

நேற்று வரை வேலை செய்த கடவுச்சொல் கரண்ட் போய் வந்ததும் மறுக்கப்பட்டால், பழைய இணைப்பு மறுமுனையில் இன்னும் உயிரோடு இருக்கலாம். பத்து நிமிஷம் மோடத்தை அணைத்துவிட்டு ஒரு தே ஓ குடித்துவிட்டு வாருங்கள். மோடமும் கணினியும் ஒரே பெயரில் டயல் செய்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

டெபியனில் இன்னொன்று. பிபிபிஓஇகான்ஃப் ஒரு கார்டை எடுத்துக்கொண்டால் இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் அதைத் தொடாது; மேலே உள்ள ஐகானில் கார்டு நிர்வகிக்கப்படவில்லை என்று காட்டும். ஒரே உறையில் இரண்டு கத்தி வைக்காதீர்கள். நெட்வொர்க் மேனேஜரே போதும் என்பவர்கள் 'என்எம்-கனெக்‌ஷன்-எடிட்டர்' என்ற தனிக் கருவியைத் திறந்து டிஎஸ்எல் வகையைச் சேருங்கள். க்னோம் செட்டிங்ஸில் தேடினால் கிடைக்காது.

உள்நுழைந்தாயிற்று, ஆனால் எதுவும் திறக்கவில்லை

'பிங் 8.8.8.8' என்று தட்டுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும்.

பதில் வரவில்லை என்றால் வழி தவறு. 'ஐபி ரூட்' தட்டினால் டிஃபால்ட் என்று தொடங்கும் வரி 'பிபிபி0' பக்கம் காட்ட வேண்டும். 192.168.1.1 பக்கம் காட்டினால், முன்பு ரவுட்டரிடம் வாங்கிய பழைய வழி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. டயல் செய்யும் நிரலான பிபிபிடி மரியாதைக்காரர், ஏற்கனவே ஒரு டிஃபால்ட் வழி இருந்தால் அதை எழுப்பிவிட்டுத் தான் உட்காரமாட்டார், லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிவிடுவார். லேன் கார்டுக்கு டிஎச்சிபியை அணைத்துவிட்டு, பழைய வழியை நீக்கி, மறுபடி டயல் செய்யுங்கள்.

பதில் வந்தால் இணையம் இருக்கிறது, பெயர் தேடல்தான் இல்லை. டயல் அமைப்புக் கோப்பில் 'யூஸ்பியர்டிஎன்எஸ்' என்ற வரி வேண்டும். பெயர் தேடல் முகவரி இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைக் கையால் திருத்தினால், மறுமுறை போடும்போது அது அழிந்திருக்கும், அதில் 127.0.0.53 என்று இருந்தால் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற சேவை அதை நிர்வகிக்கிறது, அங்கேதான் சொல்ல வேண்டும்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நின்றுவிடுகின்றன

எல்லா அறிகுறியிலும் மனிதரை அதிகம் குழப்புவது இதுதான். பட்டர்வொர்த்தில் நண்பர் ஒருவர் தன் டியூஷன் வகுப்பில் லினக்ஸ் பெட்டி ஒன்றை டயல் செய்யவிட்டு, ஆறு கணினிகளுக்குப் பங்கிட்டிருந்தார். அவர் உட்காரும் லினக்ஸ் பெட்டியில் எல்லாம் திறக்கும். பிள்ளைகள் பக்கம் தேடல் வரும், சின்னப் பக்கங்கள் வரும்; வங்கித் தளம் வெள்ளையாக நிற்கும். படம் இணைத்த மின்னஞ்சல் போகாது, வெறும் எழுத்து மட்டும் போகும். வைரஸ் என்று முடிவுகட்டி இரண்டு கணினியை அழித்துப் போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. லினக்ஸ் பெட்டிக்கு இது தெரியும், அதனால் தன் பாக்கெட்டுகளைச் சின்னதாகவே கேட்டு வாங்கும். பின்னால் இருக்கும் ஆறு கணினிகளுக்குத் தெரியாது. அவை 1500 என்றே நினைத்துப் பெரிய பக்கத்தைக் கேட்கும். இந்தப் பாக்கெட் பெரிது, சின்னதாக அனுப்பு என்ற செய்தி அனுப்பியவருக்குத் திரும்பப் போக வேண்டும். வழியில் யாரோ அதீதப் பாதுகாப்பு என்று அந்தச் செய்தியைத் தடுத்துவிட்டால், அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், இங்கே காத்துக்கொண்டே இருக்கிறோம்.

சோதனை எளிது. 'பிங்', கழித்தற்குறியோடு எம், 'டூ' (டி, ஓ என்ற இரண்டெழுத்து), கழித்தற்குறியோடு எஸ், 1464, அப்புறம் 8.8.8.8. இதில் எம் மட்டும் பெரிய எழுத்து. 1464 போகிறது, 1465 போகவில்லை என்றால் கணக்கு சரி: 1464உடன் 28 பைட் தலைப்பு சேர்ந்தால் 1492. இன்னும் கீழே இறங்கினால்தான் போகிறது என்றால் அந்த எண்ணுடன் 28ஐக் கூட்டி அதையே எம்டியூவாக, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவாக, வையுங்கள்.

பங்கிடும் பெட்டியில் நிவாரணம் ஒரே வரி. லினக்ஸின் காவல் விதிகளான ஐபிடேபிள்ஸில் ஃபார்வர்ட் சங்கிலியில் டிசிபிஎம்எஸ்எஸ் இலக்கை, 'கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியூ' என்ற தெரிவோடு சேருங்கள். பிபிபிஓஇகான்ஃப் எம்எஸ்எஸ்ஸை (தலைப்புகள் போகப் பாக்கெட்டில் மிஞ்சும் தகவலின் உச்ச அளவு) 1452 ஆக மட்டுப்படுத்தவா என்று கேட்கும் கேள்வியும் இதற்குத்தான். பலர் புரியாமல் வேண்டாம் என்று தட்டிவிடுகிறார்கள். ஆம் என்று தட்டுங்கள்.

பழைய கணினியில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டினால் மேலே ஓடும் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி செத்துப்போய் கடிகாரம் எங்கோ பழைய வருஷத்தில் நிற்கும். பேட்டரியின் விலை சில வெள்ளிதான்.

நன்றாக ஓடும், திடீரென்று போகும்

டிஎஸ்எல் விளக்கும் கூடவே போகிறது என்றால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். மழை பெய்யும்போது மட்டும் போனால் வெளியே எங்கோ வயர் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. விளக்கு அப்படியே இருக்க உள்நுழைவு மட்டும் அறுந்தால், டயல் அமைப்பில் 'பெர்சிஸ்ட்' என்றும் 'மேக்ஸ்ஃபெயில் 0' என்றும் சேருங்கள். அறுந்தால் தானே மறுபடி பிடிக்கும். 'எல்சிபி-எக்கோ-இன்டர்வல்' 20, 'எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர்' 3 என்று வைத்தால், செத்த இணைப்பை உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்காமல் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். வைஃபையில் மட்டும் அறுகிறது, கேபிளில் இல்லை என்றால் டிஎஸ்எல்லை விட்டுவிடுங்கள், அது வேறு நோய்.

கடைசியில் நிறுவனத்துக்குப் போன் செய்தே ஆக வேண்டும் என்றால் லினக்ஸ் என்ற சொல்லை எடுக்காதீர்கள். எடுத்தால் அந்தக் கணினிக்கு எங்களிடம் உதவி இல்லை என்று பேச்சு அங்கேயே நிற்கும். டிஎஸ்எல் விளக்கு எத்தனை மணியிலிருந்து மினுக்குகிறது, நாய்ஸ் மார்ஜின் எவ்வளவு, முதல் சாக்கெட்டில் மோடத்தை மட்டும் மாட்டிப் பார்த்தாயிற்று, டெலிபோனில் கரகரப்பு இருக்கிறதா இல்லையா: இந்த நாலையும் வரிசையாகச் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்கி அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆள் வரும்போது சாமி மேடையை நகர்த்தி வைத்துவிடுங்கள், சாக்கெட் அதன் பின்னால்தான் இருக்கும்.